ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்ட்: கையைக் கடிக்காமல் குடும்பத்தோடு போய் வர

அமெரிக்காவில் இருக்கும் நம் குடும்பங்களில் குழந்தைக்கு நாலைந்து வயதானதும் "டிஸ்னி எப்போ போறோம்?" என்ற பேச்சு வந்துவிடும். ஊரிலிருந்து தாத்தா பாட்டி வந்து தங்கியிருந்தால் கேட்கவே வேண்டாம், அவர்களையும் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று திட்டம் பெரிதாகும். அப்புறம் ஒருநாள் ராத்திரி குழந்தைகள் தூங்கியபின் உட்கார்ந்து விலையைக் கூட்டிப் பார்த்தால் தலை சுற்றும்.

முதல்முறை போகிறவர்கள் பெரும்பாலும் பூங்காவுக்குள் போனபின்தான் மிச்சம் பிடிக்கத் தொடங்குகிறார்கள். குழந்தை ஐஸ்கிரீம் கேட்டால் முகம் சுளிப்பது, பொம்மைக் கடையைத் தாண்டும்போது கையைப் பிடித்து இழுப்பது என்று போகிறது. அதில் மிஞ்சுவது இருபது, முப்பது டாலர். ஆயிரக்கணக்கான டாலர் போவது வேறு இடத்தில்: எந்த வாரம் போகிறீர்கள், யாருக்கு எத்தனை நாள் சீட்டு, எங்கே தங்குகிறீர்கள். இந்த மூன்றும் வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே முடிவாகிவிடுகின்றன. அவற்றைச் சரியாக முடித்துக்கொண்டால் உள்ளே போனபின் ஐஸ்கிரீமைத் தாராளமாக வாங்கிக் கொடுக்கலாம்.

முதலில் அடிப்படை விவரம். நாம் பேசுவது ஃப்ளோரிடாவில் ஆர்லாண்டோ பக்கத்தில் 1971 அக்டோபர் 1 அன்று திறந்த வால்ட் டிஸ்னி வேர்ல்ட். கலிஃபோர்னியாவில் அனஹைமில் இருக்கும் டிஸ்னிலேண்ட் வேறு, அதன் சீட்டு இங்கே செல்லாது. ஆர்லாண்டோவில் நான்கு பூங்காக்கள்: மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டுடியோஸ், அனிமல் கிங்டம். நான்கும் ஒன்றுக்கொன்று பல மைல் தள்ளி இருக்கின்றன. ஒரு நாளைக்கு ஒரு பூங்கா என்று வைத்துக்கொள்வதுதான் நடைமுறை.

1. தேதியை முதலில் முடிவு செய்யுங்கள்

2018 முதல் இங்கே சீட்டு விலை தேதிக்குத் தேதி மாறுகிறது. ஒரு நாள் சீட்டு, கூட்டமில்லாத நாளில் அனிமல் கிங்டமுக்கு 119 டாலரில் தொடங்குகிறது. கிறிஸ்துமஸ் வாரத்தில் மேஜிக் கிங்டமுக்கு அது 200 டாலரைத் தொட்டுவிடும். இதன் மேல் 6.5 சதவீத விற்பனை வரி தனி. ஓட்டல் அறையும் விமானமும் இதே தாளத்தில்தான் ஏறி இறங்கும். ஆக, தவறான வாரத்தைத் தேர்ந்தெடுத்தால் மூன்று பக்கமும் அடி.

விலை குறையும் காலங்கள் இவை: ஆகஸ்ட் கடைசியும் செப்டம்பரும், புத்தாண்டு விடுமுறை முடிந்த ஜனவரி, நன்றி நவிலல் விடுமுறைக்கும் கிறிஸ்துமஸுக்கும் இடைப்பட்ட டிசம்பர் முதல் பாதி. ஃப்ளோரிடாவில் பள்ளிகள் ஆகஸ்ட் நடுவிலேயே திறந்துவிடுவதால் அதன்பின் கூட்டம் சட்டென்று வடிகிறது. செப்டம்பரில் வெயிலும் மழையும் உண்டு, புயல் பருவமும்தான். (ஃப்ளோரிடாவில் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை.) இருந்தாலும் குழந்தை இன்னும் பள்ளிக்குப் போகாத வயது என்றால் நான் செப்டம்பரைத்தான் சொல்வேன். பள்ளி விடுமுறைக்குக் கட்டுப்படாத அந்த மூன்று, நான்கு வருடங்கள் போனால் திரும்பக் கிடைக்காது.

நியூ ஜெர்சிக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. நவம்பர் தொடக்கத்தில் ஆசிரியர் மாநாட்டுக்காக அங்கே பள்ளிகள் மூடும் வாரத்தில் எடிசன் பக்கத்திலிருந்து நம்மவர்கள் கூட்டமாக ஆர்லாண்டோவுக்குக் கிளம்புவார்கள். அந்த வாரத்துக்கு 'ஜெர்சி வீக்' என்றே பெயர் விழுந்துவிட்டது. விமான விலையிலும் வரிசையிலும் அது நன்றாகத் தெரியும். அதற்கு ஒரு வாரம் முன்போ பின்போ குழந்தைக்கு இரண்டு நாள் லீவு போட முடியுமென்றால் அதுவே பெரிய மிச்சம்.

இன்னொரு நுணுக்கம். ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை மேஜிக் கிங்டமில் சில இரவுகளில் ஹாலோவீன், கிறிஸ்துமஸ் விருந்துகள் நடக்கும். அதற்குத் தனிச் சீட்டு. சாதாரணச் சீட்டுக்காரர்கள் அன்று மாலை 6 மணிக்கு வெளியேற வேண்டும், வழக்கமான வாணவேடிக்கையும் கிடைக்காது. அதனால் அந்த நாட்களில் பகல் கூட்டம் குறைவு, சீட்டும் மலிவாக இருக்கும். ஏழு மணிக்கே தூங்கிவிடும் குழந்தை வீட்டில் இருந்தால் உங்களுக்கு இது வசதியான நாள். வாணவேடிக்கையைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் இந்தத் தேதிகளைத் தவிர்த்துவிடுங்கள்.

2. யாருக்கு, எந்தப் பூங்கா, எத்தனை நாள்

3 வயது நிரம்பாத குழந்தைக்குச் சீட்டே வேண்டாம். 3 முதல் 9 வரை குழந்தைச் சீட்டு, 10 ஆகிவிட்டால் பெரியவர் சீட்டு. குழந்தைச் சீட்டுக்கும் பெரியவர் சீட்டுக்கும் வித்தியாசம் சில டாலர்தான், பெரிய தள்ளுபடி என்று நம்பி இருக்காதீர்கள். ஆனால் மூன்றாவது பிறந்தநாள் விஷயம் அப்படியில்லை. பிறந்தநாளுக்கு இரண்டு வாரம் முன் போனால் ஒரு முழுச் சீட்டின் பணம் மிச்சம். மிக்கி போன்ற டிஸ்னி கதாபாத்திரங்கள் மேசைக்கு வரும் பஃபே விருந்துகளிலும் 3 வயதுக்குக் கீழ் இலவசம்.

அடுத்தது உயரம். சீட்டு வாங்கும் முன் குழந்தையைச் செருப்போடு சுவரோரம் நிறுத்தி அளந்துவிடுங்கள். ஹாலிவுட் ஸ்டுடியோஸில் ஸ்லிங்கி டாக் ரைடுக்கு 38 அங்குலம் (97 செ.மீ.), ரைஸ் ஆஃப் த ரெசிஸ்டன்ஸுக்கும் டவர் ஆஃப் டெரருக்கும் 40 அங்குலம் (102 செ.மீ.) வேண்டும். குழந்தை 36 அங்குலம்தான் என்றால் அந்தப் பூங்காவின் பெரிய ரைடுகளில் பெரும்பாலானவை கைநழுவிப் போகும். எஞ்சுவதை நம்பி ஒரு நாள் சீட்டுப் பணம் கொடுப்பது நியாயமாகத் தெரியவில்லை. அந்தப் பூங்காவை இந்தமுறை விட்டுவிடுங்கள், வளர்ந்தபின் பார்த்துக்கொள்ளலாம். மேஜிக் கிங்டம் இதற்கு நேர்மாறு. டம்போ, பீட்டர் பேன், இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட், வின்னி த பூ, ஜங்கிள் க்ரூஸ் எதற்குமே உயரக் கட்டுப்பாடு இல்லை. சின்னக் குழந்தை உள்ளவர்கள் அங்கே இரண்டு நாள் போடுவதுகூடச் சரிதான்.

தாத்தா பாட்டிக்கும் நமக்கும் ஒரே அளவு நாட்கள் சீட்டு வாங்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பலர் இதை யோசிப்பதே இல்லை. "எல்லாருக்கும் நாலு நாள்" என்று மொத்தமாக வாங்கிவிடுகிறார்கள். இரண்டாம் நாள் மாலையில் பாட்டிக்கு முழங்கால் வீங்கிவிடும். மூன்றாம் நாள் அவர் வரமாட்டார், கட்டிய பணம் போனதுதான். பூங்காவில் ஒரு நாள் நடை பல மைல் ஆகிவிடும் என்பதை முதலிலேயே நினைவில் வையுங்கள். பெரியவர்களுக்கு இரண்டு நாள் போதும்: அனிமல் கிங்டம் ஒன்று, எப்காட் ஒன்று. அனிமல் கிங்டமில் திறந்த வண்டியில் உட்கார்ந்தபடியே சிங்கம், யானை, ஒட்டகச்சிவிங்கி பார்க்கும் சஃபாரி இருக்கிறது. ஆனந்தபூர் என்று பெயர் வைத்து நம் ஊர்ப் பக்கத்துக் கோட்டை இடிபாடு போலக் கட்டியிருக்கும் பகுதியில் புலிகளைப் பார்க்கலாம். எப்காட்டில் ஏரியைச் சுற்றி 11 நாடுகளின் கட்டடங்கள், உட்கார்ந்து வேடிக்கை பார்க்க நிறைய இடம். மீதி இரண்டு நாளும் அவர்கள் தங்கும் இடத்தில் நிம்மதியாக ஓய்வெடுக்கட்டும். இரண்டு பேருக்கு இரண்டு நாள் குறைந்தால் எவ்வளவு மிச்சம் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நாட்கள் கூடக்கூட ஒரு நாளுக்கான விலை குறையும். முதல் நான்கு நாட்கள் ஒவ்வொன்றும் கனமாக ஏறும், ஐந்தாம் நாளிலிருந்து கூடுதல் கொஞ்சம்தான். ஒரே நாளில் இரண்டு பூங்கா போக அனுமதிக்கும் 'பார்க் ஹாப்பர்' சின்னக் குழந்தைகள் உள்ள குடும்பத்துக்குத் தேவையில்லை. மதியம் ஒரு பூங்காவிலிருந்து இன்னொன்றுக்கு மாறவே ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விடும்.

3. சீட்டை எங்கே வாங்குவது

டிஸ்னியின் சொந்தத் தளத்தில் முதலில் விலையைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அண்டர்கவர் டூரிஸ்ட் போன்ற அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் அதே தேதிக்குப் பாருங்கள். பல நாள் சீட்டுக்கு ஒருவருக்குச் சில பத்து டாலர்வரை குறைவாக இருக்கும். அலுவலகத்தில் ஊழியர் சலுகைத் தளம் இருந்தால் அதையும் ஒருமுறை எட்டிப் பார்க்கலாம். கோடையில் நான்கு பூங்காக்களுக்கும் ஒவ்வொரு நாள் என்று சேர்த்துக் கட்டிய சலுகைச் சீட்டும் அண்மை ஆண்டுகளில் வந்திருக்கிறது. அந்தப் பருவத்தில் போகிறவர்கள் அதைக் கவனியுங்கள்.

டார்கெட் கடையின் சொந்த அட்டை வைத்திருப்பவர்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. அங்கே டிஸ்னி பரிசு அட்டைகளை வாங்கினாலும் 5 சதவீதத் தள்ளுபடி உண்டு. அந்தப் பரிசு அட்டையை வைத்துச் சீட்டு, டிஸ்னி ஓட்டல், பூங்காவுக்குள் சாப்பாடு எல்லாவற்றுக்கும் கட்டலாம். 3,000 டாலர் செலவுக்கு 150 டாலர் சும்மா கிடைக்கிறது. மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிச் சேர்த்தால் கடன் அட்டையில் மொத்தமாகச் சுமையும் ஏறாது.

இரண்டு வலைகளில் விழுந்துவிடாதீர்கள். பக்கத்து ஊரான கிஸ்ஸிமீயில் நெடுஞ்சாலை 192 ஓரமாக "டிஸ்னி சீட்டு அரை விலை" என்று பலகை வைத்த கடைகள் நிறைய. பெரும்பாலும் அதன் பின்னால் டைம்ஷேர் (விடுமுறை வீட்டில் ஆண்டுக்குச் சில நாள் தங்கும் உரிமை) விற்பனைக் கூட்டம் இருக்கும். விடுமுறையில் ஒரு காலைப் பொழுதைக் கொடுத்து, 'வேண்டாம்' என்று திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு வெளியே வர வேண்டும். இன்னொன்று, பாதி பயன்படுத்திய சீட்டை யாரோ மலிவாக விற்பது. டிஸ்னி சீட்டு பெயர் மாற்ற முடியாதது, வாசலில் விரல் வைத்துச் சரிபார்ப்பார்கள். போட்ட பணம் அங்கேயே போய்விடும்.

4. தங்கும் இடம்

எத்தனை பேர், கார் உண்டா என்ற இரண்டு கேள்விகளுக்குப் பதில் தெரிந்தால் பாதி முடிவு ஆகிவிடும்.

நான்கு பேர், விமானத்தில் வருகிறீர்கள், வாடகைக் கார் வேண்டாம் என்றால் டிஸ்னியின் மலிவு வகை ஓட்டல்களைப் பாருங்கள். ஆல் ஸ்டார் என்ற பெயரில் மூன்று, பாப் செஞ்சுரி ஒன்று. பூங்காக்களுக்குப் பேருந்து இலவசம். பாப் செஞ்சுரியிலிருந்து எப்காட்டுக்கும் ஹாலிவுட் ஸ்டுடியோஸுக்கும் ஸ்கைலைனர் என்ற தொங்கு வண்டியே போகிறது. தினமும் மற்றவர்களுக்கு 30 நிமிடம் முன்னதாக உள்ளே விடுவார்கள். இந்த அரை மணியின் மதிப்பைப் பிறகு சொல்கிறேன். 2025 முதல், ஓட்டலுக்கு வந்து சேரும் நாளில் டிஸ்னியின் நீர்ப் பூங்காவுக்கு இலவச அனுமதியும் கொடுக்கிறார்கள். வந்து இறங்கும் நாளுக்குப் பெரிய பூங்காச் சீட்டை வீணாக்காமல் இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

ஒன்று மட்டும் கவனியுங்கள்: விமான நிலையத்திலிருந்து டிஸ்னி முன்பு விட்டுக்கொண்டிருந்த இலவசப் பேருந்து 2022 தொடக்கத்தோடு நின்றுவிட்டது. இப்போது தனியார் பேருந்துக்கோ டாக்சிக்கோ பணம் கட்ட வேண்டும், அதையும் கணக்கில் சேருங்கள்.

ஆறு பேர் என்றால் கணக்கு மாறும். மேலே சொன்ன ஓட்டல்களில் சாதாரண அறைக்கு நான்கு பேர்தான், இரண்டு அறை எடுக்க வேண்டிவரும். கிஸ்ஸிமீ, டேவன்போர்ட் பக்கம் மூன்று படுக்கையறை, சமையலறை, துணி துவைக்கும் இயந்திரத்தோடு முழு வீடே வாடகைக்குக் கிடைக்கிறது. இரண்டு குடும்பம் சேர்ந்து எடுத்தால் தலைக்கு ஆகும் செலவு வெகுவாக இறங்கும். இரண்டு வீட்டுக் குழந்தைகளும் சேர்ந்து விளையாடுவார்கள், பெரியவர்களுக்கும் பேச்சுத்துணை.

ஆனால் வீட்டின் ஒரு இரவு வாடகையை மட்டும் பார்த்து மயங்கக் கூடாது. சுத்தம் செய்யும் கட்டணம், தளத்தின் சேவைக் கட்டணம், இடத்தைப் பொறுத்து 12 முதல் 13.5 சதவீத வரி, குளிர்காலத்தில் நீச்சல் குளத்து நீரைச் சூடாக்க தினக் கட்டணம் எல்லாம் வரிசையாக ஏறும். அதோடு பூங்காவில் கார் நிறுத்த நாள்தோறும் தனிக் கட்டணம் ஆகும். டிஸ்னி ஓட்டலில் தங்குபவர்களுக்கு அது இலவசம். ஒரு தாளில் இரண்டு பக்கமாகப் பிரித்து, கடைசி இரவு வரை ஆகும் மொத்தத் தொகையை எழுதிப் பார்த்தபின் முடிவெடுங்கள்.

வெளி ஓட்டல்களிலும் தினசரி 'ரிசார்ட் ஃபீ' என்று ஒன்று உண்டு. 2025 மே மாதத்திலிருந்து அமெரிக்க அரசின் விதிப்படி இப்படிப்பட்ட கட்டாயக் கட்டணங்களை விளம்பர விலையிலேயே சேர்த்துக் காட்ட வேண்டும். வரியும் கார் நிறுத்தமும் மட்டும் இன்னும் தனியாக இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். ரெசிடென்ஸ் இன், ஹோம்வுட் சூட்ஸ் மாதிரி இடங்களில் அறைக்குள்ளேயே சமையலறையும் இலவசக் காலை உணவும் இருப்பதால் ஒற்றைக் குடும்பத்துக்கு அவை நல்ல நடுவழி.

5. போய்ச் சேர

அட்லாண்டாவிலிருந்து ஆர்லாண்டோ சுமார் 440 மைல், ஏழு மணி நேர ஓட்டம். அந்தத் தூரம் வரை காரில் போவதே லாபம். அரிசி, குக்கர், ஸ்ட்ரோலர் எல்லாம் டிக்கியில் ஏறிவிடும். அதற்கு மேல் தூரம் என்றால் விமானம். ஆர்லாண்டோவுக்கு மட்டும் பார்க்காமல் சான்ஃபர்ட், டாம்பா விமான நிலையங்களுக்கும் விலை பாருங்கள்.

வாடகைக் கார் எடுப்பவர்களுக்கு ஒரு சின்ன விஷயம், நல்ல பலன் தரும். ஆர்லாண்டோவைச் சுற்றி டோல் சாலைகள் அதிகம். கார் நிறுவனத்தின் டோல் திட்டத்தில் சேர்ந்தால் டோலுக்கு மேல் தினக் கட்டணமும் பிடிப்பார்கள். அதற்குப் பதில், ஆர்லாண்டோ விமான நிலையத்திலேயே 'விசிட்டர் டோல் பாஸ்' இலவசமாகக் கொடுக்கிறார்கள். அதன் செயலியில் முன்பே பதிவு செய்துகொண்டு, அங்குள்ள இயந்திரத்திலிருந்து எடுத்து, கார்க் கண்ணாடியில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஓடிய டோலுக்கு மட்டும் பணம் போகும். திரும்பும்போது மறக்காமல் அங்கே உள்ள பெட்டியில் போட்டுவிடுங்கள்.

6. சாப்பாடு

நம் குடும்பங்களுக்கு அதிகம் மிச்சமாகக்கூடிய இடம் இது. பலருக்குத் தெரியாதது என்னவென்றால், டிஸ்னி பூங்காக்களுக்குள் வீட்டுச் சாப்பாட்டைக் கொண்டுபோகலாம். கண்ணாடிப் பாத்திரம் கூடாது, மது கூடாது, கூலர் பெட்டி 24 x 15 x 18 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும், உதிரி ஐஸ் கூடாது. சூடாக்க வேண்டிய உணவும் மணம் தூக்கலான உணவும் வேண்டாம் என்பது விதி, ஆகவே பூண்டுத் தொக்கு வீட்டிலேயே இருக்கட்டும்.

காலையில் கிளம்பும் முன் ஒரு குக்கர் சோறு வைத்தால் நாள் முழுக்க வேலை முடிந்தது. புளிக்காய்ச்சலை வீட்டிலேயே செய்து டப்பாவில் எடுத்து வந்தால் புளியோதரைக்குப் பத்து நிமிடம். நல்லெண்ணெய் கொஞ்சம் தாராளமாக விடுங்கள், மதியம்வரை உலராமல் இருக்கும். தயிர்சாதம் என்றால் ஃப்ளோரிடா வெயிலை நினைத்துச் செய்ய வேண்டும்: சோற்றைக் குழைய மசித்து, பாலை நிறைய ஊற்றி, தயிர் இரண்டு ஸ்பூன் மட்டும் சேர்த்துப் பிசைந்து வைத்தால் சாப்பிடும் நேரத்துக்குப் புளிக்காமல் பதமாக இருக்கும். இரண்டு தண்ணீர்ப் பாட்டிலை ராத்திரியே ஃப்ரீசரில் வைத்து, காலையில் டப்பாக்களுக்கு நடுவே செருகிவிடுங்கள். ஐஸ் பாக்கெட் தனியாக வேண்டாம், மதியம் அதே பாட்டில் குளிர்ந்த குடிநீர். குழந்தைகளுக்குச் சப்பாத்தியில் சர்க்கரை, நெய் தடவிச் சுருட்டி அலுமினியத் தாளில் வைத்தால் வரிசையில் நிற்கும்போதே தின்றுவிடுவார்கள். வாசலில் பையைச் சோதிப்பார்கள். டப்பாக்களை ஒரே பையில் மேலாக வைத்திருந்தால் திறந்து காட்டிவிட்டு உடனே போகலாம்.

தண்ணீருக்குக் காசு கொடுக்காதீர்கள். குளிர்பானம் ஊற்றித் தரும் எந்தக் கவுண்டரிலும் போய் ஐஸ் வாட்டர் கேட்டால் கோப்பையில் இலவசமாகத் தருவார்கள். எத்தனை பேரோ அத்தனை கோப்பை கேட்கலாம், சாப்பாடு வாங்க வேண்டும் என்ற கட்டாயமில்லை.

எல்லா வேளையும் கட்டுச்சோறு என்றால் விடுமுறை போலவே இருக்காது. நான் சொல்வது மதியம் ஒரு வேளைக்கு. மாலையில் உள்ளே ஏதாவது வாங்குங்கள். டிஸ்னி செயலியில் எல்லாக் கடைகளின் விலைப்பட்டியலும் இருக்கிறது, முதல் நாள் ராத்திரியே பார்த்து வைத்துக்கொள்ளலாம். கவுண்டர் கடைகளில் குழந்தை உணவைப் பெரியவர்களும் வாங்கலாம், பாட்டிக்கு அந்த அளவே போதும். சைவக்காரர்களுக்கு அனிமல் கிங்டமில் சட்டுலி கேன்டீன் நன்றாக இருக்கும், கிண்ணத்தில் என்னென்ன வேண்டும் என்று நாமே தேர்ந்தெடுக்கலாம்.

காசு கொடுத்து ஒருமுறை உட்கார்ந்து சாப்பிடுவது என்றால் என் ஓட்டு சனா உணவகத்துக்கு. அனிமல் கிங்டம் லாட்ஜ் ஓட்டலின் கிடானி வில்லேஜில் இருக்கிறது, பூங்காச் சீட்டு தேவையில்லை. ஆப்பிரிக்க, இந்தியச் சுவை கலந்த சமையல். அவர்களுடைய 'பிரெட் சர்வீஸ்' என்பது நான் ரொட்டி வகைகளோடு ஒன்பது விதத் தொட்டுக்கொள்ளும் சட்னி, ஊறுகாய். இரண்டு பேர் பகிர்ந்து சாப்பிடலாம். ஜன்னலுக்கு வெளியே வரிக்குதிரையும் ஒட்டகச்சிவிங்கியும் மேய்ந்துகொண்டிருக்கும். 60 நாள் முன்பே முன்பதிவு திறந்துவிடும், அன்றே போட்டுவையுங்கள்.

7. வரிசையைச் சமாளிப்பது

வரிசையைத் தாண்டிப் போக 'லைட்னிங் லேன்' என்று காசு வாங்குகிறார்கள். தலைக்கு, நாளுக்கு என்பதால் நான்கு பேருக்கு எடுத்தால் கூட்டமான நாளில் 100 டாலரைத் தாண்டிவிடும். தினமும் எடுக்க வேண்டாம். அனிமல் கிங்டமில் சாதாரண நாளில் தேவையே இல்லை. விடுமுறைக் காலத்தில் போயே ஆகவேண்டிய குடும்பம் மேஜிக் கிங்டமுக்கோ ஹாலிவுட் ஸ்டுடியோஸுக்கோ ஒரு நாள் மட்டும் எடுக்கலாம். டிஸ்னி ஓட்டலில் தங்குபவர்கள் 7 நாள் முன்பும் மற்றவர்கள் 3 நாள் முன்பும் முன்பதிவு செய்யலாம்.

காசில்லாத வழி, அதிகாலையில் எழுவது. பூங்கா திறக்கும் முன் 45 நிமிடம் வாசலில் நின்றால் முதல் ஒன்றரை மணி நேரத்தில் பெரிய ரைடுகள் மூன்று, நான்கு முடிந்துவிடும். அதே ரைடுகளுக்குப் பதினோரு மணிக்குப் போனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும். டிஸ்னி ஓட்டலின் அந்த முன்கூட்டிய அரை மணியின் மதிப்பு இதுதான். காலையில் முக்கியமானவற்றை முடித்து, மதிய வெயிலில் தங்குமிடம் திரும்பிக் குழந்தைகளைத் தூங்க வைத்து, மாலை மறுபடி வருவது எல்லோருக்கும் ஒத்துவரும். அதே நாளில் அதே பூங்காவுக்குள் மறுபடி நுழையத் தடையில்லை, கார் நிறுத்தத்துக்கும் ஒருமுறை கட்டினால் போதும்.

'ரைடர் ஸ்விட்ச்' பற்றிக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள், இது இலவசம். உயரம் போதாத குழந்தை இருந்தால் ரைடு வாசலில் நிற்கும் ஊழியரிடம் சொல்லுங்கள். அப்பா ஏறும்போது அம்மா குழந்தையோடு வெளியே இருப்பார். அப்பா வந்ததும் அம்மா நீண்ட வரிசையில் நிற்காமல் நேராகப் போகலாம். உயரம் போதுமான பெரிய பிள்ளை அம்மாவோடு இரண்டாம் முறையும் ஏறலாம்.

8. சின்னச் சின்னச் செலவுகள்

வீட்டில் ஸ்ட்ரோலரை விட்டுவிட்ட ஐந்து வயதுப் பிள்ளைக்கும் இங்கே ஸ்ட்ரோலர் வேண்டும். பூங்காவில் வாடகைக்கு எடுத்தால் தினமும் பணம், அதுவும் வாசலோடு விட்டுவிட வேண்டும். உங்களுடையதையே கொண்டுபோங்கள், விமானத்தில் அதற்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லை. கோடையில் மதிய மழை தினசரி வழக்கம். பிளாஸ்டிக் மழைக்கோட்டை உங்கள் ஊர் டாலர் கடையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். இரவில் ஒளிரும் குச்சிகளும் அப்படியே, இருட்டியதும் உள்ளே விற்கும் விளக்குப் பொம்மைகளைக் குழந்தை கேட்கும் முன் எடுத்துக் கொடுத்துவிடலாம்.

பொம்மைக்கு ஒரு முறை வைத்துக்கொள்ளுங்கள்: ஆளுக்கு இவ்வளவு என்று முன்பே சொல்லி, ஒரு பரிசு அட்டையைக் குழந்தையின் கையிலேயே கொடுத்துவிடுங்கள். தன் பணம் என்று வந்துவிட்டால் அவர்களே விலையைத் திருப்பிப் பார்ப்பார்கள். வைன்லேண்ட் பிரீமியம் அவுட்லெட்ஸ் வளாகத்தில் டிஸ்னியின் 'கேரக்டர் வேர்ஹவுஸ்' கடை இருக்கிறது. பூங்காவில் விற்காமல் தேங்கிய அசல் சரக்கு அங்கே நல்ல தள்ளுபடியில் கிடைக்கும். பிறந்தநாள், முதல் வருகை என்றெல்லாம் எழுதிய பட்டன்களை விருந்தினர் சேவை மையத்தில் கேட்டால் இலவசம். கோட்டை முன் நிற்கும் டிஸ்னி புகைப்படக்காரரிடம் உங்கள் கைபேசியை நீட்டினால் அதிலும் எடுத்துக் கொடுப்பார், காசு கிடையாது. குடும்பம் முழுக்க ஒரே படத்தில் வர அதுதான் வழி.

நடுவில் ஒரு நாள் பூங்கா இல்லாமல் விடுங்கள். டிஸ்னி ஸ்பிரிங்ஸ் கடைவீதியில் நுழைவும் இலவசம், கார் நிறுத்தமும் இலவசம். மோனோரயிலில் சுற்றவும் சீட்டு வேண்டாம், குழந்தைக்கு அதுவே ஒரு ரைடு.

9. முன்பதிவை எப்படிச் செய்வது

டிஸ்னி ஓட்டலில் தங்குவதென்றால் அறையையும் சீட்டையும் ஒரே பேக்கேஜாக எடுக்காமல் தனித்தனியாக எடுங்கள். அறை மட்டும் எடுத்தால் வருவதற்கு 5 நாள் முன்புவரை ரத்து செய்து பணத்தைத் திரும்பப் பெறலாம். பேக்கேஜ் என்றால் 30 நாளுக்கு முன்பே முடிவு செய்ய வேண்டும், அதன்பின் பிடித்தம் உண்டு. தனியாக எடுத்த அறைக்கு இன்னொரு லாபம்: சில வாரம் கழித்து ஓட்டல் சலுகை அறிவித்தால், காலியிடம் இருக்கும்வரை உங்கள் முன்பதிவை அந்த விலைக்கு மாற்றிக்கொள்ளலாம். அதனால் அறையைச் சீக்கிரம் போட்டு வைத்துவிட்டு, மாதம் ஒருமுறை விலையைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

நீங்கள் வருவதற்கு 7 நாளுக்குள் ஆர்லாண்டோ பகுதிக்குத் தேசியப் புயல் மையம் புயல் எச்சரிக்கை விடுத்தால், டிஸ்னியில் நேரடியாக எடுத்த முன்பதிவை ரத்துக் கட்டணம் இல்லாமல் தள்ளிப்போடலாம். வெளியே எடுத்த வீட்டுக்கு அந்த உரிமையாளரின் விதிதான், செப்டம்பரில் போகிறவர்கள் பணம் கட்டும் முன் அதைப் படித்துவிடுங்கள். சீட்டுக்குப் பணம் திரும்பாது. ஆனால் குழந்தைக்குக் காய்ச்சல் வந்து ஒரு நாள்கூடப் பயன்படுத்தாமல் தேதி தாண்டிப்போனால், கட்டிய தொகையைப் பின்னால் வாங்கும் புதிய சீட்டுக்குக் கழித்துக்கொள்ளலாம். அதற்கு டிஸ்னியைத் தொலைபேசியில் அழைத்தால் மாற்றிக் கொடுப்பார்கள், சீட்டு வாங்கியபோது வந்த உறுதிப்படுத்தல் எண்ணைப் பத்திரமாக வைத்திருங்கள்.